ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்தா, எம்.சி.ஓ.பி.யா?

விபத்து இழப்பீடு என்று பேச்செடுத்தாலே, "மன உளைச்சலுக்கு ஒரு கோடி கேளுங்கள், அவனுக்குப் புத்தி வரட்டும்" என்று யோசனை சொல்ல ஒருவர் வந்துவிடுவார். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதில் பாதிதான் செல்லும்: மனவேதனைக்குப் பணம் உண்டு, புத்தி வரவைக்கப் பணம் கிடையாது. அந்தப் பாதியும் சரியான பிரிவில் மனுப் போட்டவருக்கே.

போட்டி இரண்டு பிரிவுகளுக்கு இடையில். 164-ஆம் பிரிவு 2019 திருத்தத்தில் சேர்ந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், அவ்வளவுதான். 166-ஆம் பிரிவில் எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. "நியாயமான இழப்பீடு" எவ்வளவு என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்குப் போடும். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இந்த மனுவைத்தான்.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 32 வயது, சொந்தத் தொழில், மாதம் 20,000 வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். அவர் இறந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 2,52,000. இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 40,32,000 ரூபாய். இதோடு கணவனை, தந்தையை, மகனை இழந்ததற்குத் தலைக்கு 40,000 என்று அதே தீர்ப்பின் அடிப்படையில் தருகிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அது 10 சதவீதம் உயரும். இதற்கு எதிரே 164-இன் ஐந்து லட்சத்தை வைத்துப் பாருங்கள்.

ஆபத்து கையெழுத்தில் இருக்கிறது. விபத்துத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி சமரசத் தொகையை முன்வைக்க 149-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த வழியில் 164-இன் தொகையை வாங்கிக்கொண்டால் எம்.சி.ஓ.பி. மனு அத்தோடு காலாவதி. கருமாதி செலவுக்குக் கடன் வாங்கிய வீட்டில், காசோலையோடு நீட்டப்படும் தாளை யார் முழுதாகப் படிப்பார்கள்? சம்பாதிக்கும் வயதில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பம் வழக்கறிஞரிடம் காட்டாமல் அதில் கையெழுத்துப் போடவே கூடாது என்பேன்.

அதற்காக 164 வீண் என்று சொல்லவில்லை. எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம். மூன்று மாதத்தில் கூடிவிட்ட காறை எலும்புக்கு எம்.சி.ஓ.பி.யில் ஆண்டுக்கணக்கில் நடப்பதைவிட 2.5 லட்சம் மேல். வருமானமில்லாத முதியவர் இறந்தாலும் பெருக்கெண் 5-க்கு இறங்கிவிடுவதால் இரண்டு வழிக்கும் பெரிய இடைவெளி இருக்காது. முதல் தகவல் அறிக்கையே தவறு இறந்தவர் மீது என்று பதிவாகியிருந்தால், 164 தான் பிடிமானம்.

மனவேதனைக்கு வருவோம். 164-இல் அதற்கென்று தனிக் கணக்கே இல்லை. 166-இல் காயமடைந்தவருக்கு "வலியும் வேதனையும்" என்று ஒரு தலைப்பு, வாழ்வின் இன்பங்களை இழந்ததற்கு இன்னொன்று. விபத்தில் மூளை பாதித்து முழு ஊனமான 12 வயதுச் சிறுமிக்கு இந்த வகையில் மட்டும் 15 லட்சம் தந்தது உச்ச நீதிமன்றம், 2020-இல். பாசத்தை இழந்ததற்குத் தனித் தொகை கேட்பது மட்டும் அதே ஆண்டின் வேறொரு தீர்ப்போடு நின்றுபோனது. உறவை இழந்ததற்கான தொகையிலேயே அது அடக்கம். விபத்தை நேரில் பார்த்து நிலைகுலைந்தவருக்கோ இடமே இல்லை: காயமடைந்தவர், சேதமான சொத்தின் உரிமையாளர், இறந்தவரின் சட்டப் பிரதிநிதி, இவர்கள்தான் மனுப் போடலாம்.

"தூக்கமே வருவதில்லை ஐயா" என்று கூண்டில் ஏறிச் சொன்னால் தொகை ஏறாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வாங்கிய ஓ.பி. சீட்டு, அதில் தேதியோடு எழுதிய மாத்திரை, சாட்சி சொல்ல வரும் மருத்துவர், இவை ஏற்றும். எலும்பு முறிவின் எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இந்தச் சீட்டை மட்டும் வெட்கப்பட்டுக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

தண்டனைத் தொகை? தீர்ப்பாயத்தின் வேலை இழப்பை ஈடுகட்டுவது; குடித்துவிட்டு ஓட்டினான் என்பதற்காகத் தொகை இரட்டிப்பாகாது. இந்திய நீதிமன்றங்களுக்கே அதில் தயக்கம் அதிகம். டெல்லி உபகார் திரையரங்கத் தீ விபத்தில் உயர் நீதிமன்றம் விதித்த 2.5 கோடித் தண்டனைத் தொகையை உச்ச நீதிமன்றம் 2011-இல் 25 லட்சமாகக் குறைத்தது. சாலை விபத்தில் தண்டனை குற்றவியல் நீதிமன்றத்தின் பாடு: கவனக்குறைவால் உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. வாகனத்துக்குக் காப்பீடு இருந்தால், எம்.சி.ஓ.பி.யில் எதிராளியின் பையைத் தொடுவது பெரும்பாலும் ஓர் உத்தரவுதான்: காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது. உரிமம் இல்லாதவர் ஓட்டியது போன்ற வழக்குகளில் இதைப் பார்க்கலாம். ஆத்திரம் தீர வேண்டுமானால் அதற்கான இடம் குற்ற வழக்கு. எம்.சி.ஓ.பி. மனுவில் அதை எழுதினால் பக்கம்தான் கூடும்.

எம்.சி.ஓ.பி. போட்டவர்களுக்கு நடுவழியில் மக்கள் நீதிமன்றம் என்ற வாசலும் உண்டு. பேரம் பேசி அங்கேயே முடிக்கலாம், பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. தவறு யாருடையது என்பதில் சர்ச்சை இல்லை, தொகை மட்டும்தான் பாக்கி என்றால் போகலாம். இன்னொரு அறுவை சிகிச்சை காத்திருக்கிறது, ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். மனுப் போட 6 மாதக் கெடு என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது; அதை நம்பி ஏழாவது மாதத்தில் வழக்கறிஞரைத் தேடாதீர்கள்.