குரூகர் பூங்காவில் சொந்தமாகக் கார் ஓட்டிப் போவது: ஓய்வுபெற்றவர்களுக்கு ஏற்றதா?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் போடலாம். ஒரே நிபந்தனை, கையில் நேரம் இருக்க வேண்டும். நான்கு நாளில் மொத்தத்தையும் பார்த்துவிட நினைத்தால் மிஞ்சுவது தூசியும் முதுகுவலியும்தான். லீவு கணக்குப் பார்க்க வேண்டாத, விடியலில் தானாகவே விழிப்பு வந்துவிடுகிற தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான காடு அமைவது கடினம்.

முதுமலையிலோ பந்திப்பூரிலோ போல வனத்துறை வண்டியில் ஏறிச் சுற்றிவிட்டு இறங்குவதல்ல இது. சாதாரண வாடகைக் காரை நீங்களே ஓட்டலாம். நம் ஊர் போலவே இடது பக்கம்தான் போக வேண்டும். பிடித்த குளத்தருகே இன்ஜினை அணைத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாலும் யாரும் கிளம்பச் சொல்லமாட்டார்கள். 1898இல் காப்பகமாகத் தொடங்கி 1926இல் தேசியப் பூங்காவான இந்த இடத்தின் பரப்பு ஏறத்தாழ 19,500 சதுர கி.மீ., வடக்கு தெற்காகச் சுமார் 350 கி.மீ. நீளம்.

முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது இந்த நீளத்தில்தான். தார் ரோட்டில் மணிக்கு 50 கி.மீ., மண் ரோட்டில் 40 கி.மீ. என்பது வேக வரம்பு. ஆனால் விலங்கு தேடிப் போகிறவர்களுக்கு, நின்று நின்று போவதில், சராசரியாக 25 கி.மீ. கிடைத்தாலே அதிகம். பூங்காவுக்குள் தங்கும் இடங்களைக் கேம்ப் என்பார்கள். லோயர் சபி கேம்பிலிருந்து சதாரா கேம்புக்கு 93 கி.மீ.; மேப்பில் இரண்டு மணி நேரமாகத் தெரிவதற்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு யானைக் கூட்டம் சாலையை மறித்தால் அதுவும் போதாது. மே முதல் ஜூலை வரை கேம்ப் கேட் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடிவிடும். தாமதமாக வந்து நின்றால் அபராதம். அதனால் மதியம் 3 மணிக்கு மேல் புதிய மண் ரோட்டுக்குள் திரும்ப வேண்டாம்.

வயதானவர்களுக்கு உண்மையான சிக்கல் சிங்கம் அல்ல, கழிவறை. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைப்பதும் விதிமீறல்தான். ஒரு கழிவறைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரம் ஆகலாம். சிறுநீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுகிறவர்கள், நேரத்தை மாற்றலாமா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள், வெயிலில் அது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தின்பதற்கு ஏதாவது பின்சீட்டில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முன்னே நிற்கும் யானைக் கூட்டம் எப்போது வழிவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கார் விஷயத்தில் நான்கு சக்கர இயக்கம் தேவையே இல்லை. முக்கிய சாலைகள் நல்ல தார் ரோடுகள், சின்னக் கார் தாராளமாகப் போகும். ஆனால் உட்காரும் உயரம் பெரிய வித்தியாசம் தரும். புல்லில் படுத்திருக்கும் சிங்கத்தின் காது நுனி உயரமான காரிலிருந்து தெரியும், செடானிலிருந்து தெரியாது. மண் ரோடுகளில் அலை அலையாக வரிவிழுந்த பகுதிகள் உண்டு. இடுப்பு வலி உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 30 கி.மீ.க்கு மேல் அதில் போகாமல் இருப்பது நல்லது. டயர் பஞ்சரானால் இறங்கி மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். பூங்காவின் அவசர எண்ணைக் கேட்டிலேயே வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். கேம்பைவிட்டுத் தள்ளிப் போனால் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அப்போது அடுத்து வரும் காரிடம் செய்தி சொல்லி அனுப்புவதுதான் வழி.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போவதே எங்கள் தேர்வு. மழை நின்று புல் காய்ந்து படுத்துவிடும். குட்டைகள் வற்றுவதால் மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். அந்த ஊர்ப் பள்ளி விடுமுறை விழும் ஜூன், ஜூலை வாரங்களில் மட்டும் கூட்டம் இருக்கும். விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். நவம்பர், டிசம்பரில் இம்பாலா மான்கள் குட்டி போடும், வலசைப் பறவைகள் வந்திருக்கும், காடு பச்சைப்பசேல் என்றிருக்கும். கூடவே வெக்கையும் இடிமழையும். பறவைப் பித்து உள்ளவர்களுக்கு அது சரி, முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

ஏழு கேம்பில் ஏழு இரவு என்று திட்டம் போடாதீர்கள். தினமும் பெட்டி கட்டுவதிலேயே விலங்குகள் நடமாடும் காலைப்பொழுது போய்விடும். தெற்கே குரோகடைல் பிரிட்ஜ் கேட் வழியாக நுழைந்து லோயர் சபியில் 3 இரவு, சதாராவில் 3 இரவு, லெதாபாவில் 2 இரவு, பிறகு பலபோர்வா கேட் வழியாக வெளியே. இது போதும். லோயர் சபியின் வாசலிலேயே சன்செட் டாம் என்ற நீர்த்தேக்கம் இருக்கிறது. சாலையோரமாகவே நிறுத்திக்கொண்டு நீர்யானை, முதலை, நீர்ப்பறவைகளை மாலை முழுக்கப் பார்க்கலாம். அங்கிருந்து ஆற்றையொட்டி ஸ்குகூசா கேம்புக்குப் போகும் 46 கி.மீ. எச்4-1 சாலை பூங்காவிலேயே அதிகம் பேர் ஓட்டும் சாலைகளுள் ஒன்று, காரணத்தோடுதான். சதாராவைச் சுற்றிப் புல்வெளி, சிங்கங்களின் நாடு. கேட் திறந்ததும் எஸ்100 மண் ரோட்டுக்குப் போங்கள். லெதாபாவில் யானை அருங்காட்சியகம் உண்டு, அங்கே வைத்திருக்கும், ஷாவு என்ற ஆண் யானையின் தந்தம் 3 மீட்டருக்கும் மேல் நீளம். லெதாபாவுக்கும் வடக்கே மோப்பனே மரக்காடு, விலங்குகள் குறைவு. அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

விலங்கைக் கண்டுபிடிக்க ஓட்டுவதைவிட நிறுத்துவதே பலன் தரும். ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுங்கள். இம்பாலாக்கள் தும்மல் போல அடுத்தடுத்து ஒலி எழுப்பினால் பக்கத்தில் எதுவோ இருக்கிறது. நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் அசையாமல் ஒரே திசையைப் பார்த்தால் நீங்களும் அங்கேயே பாருங்கள். பிணந்தின்னிக் கழுகுகள் தரையிறங்காமல் மரத்தில் குந்தியிருந்தால், கீழே கிடக்கும் இரையை வேட்டையாடிய விலங்கு இன்னும் விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். பைனாகுலர் 8x42 போதும், அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டுவது. 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

யானை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 50 மீட்டருக்குக் குறையாத இடைவெளி, பின்னால் நகர இடம், இன்ஜின் ஓட்டத்தில். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வழிவதை மட்டும் வைத்து மதம் என்று முடிவு செய்ய முடியாது, ஆப்பிரிக்க யானைகளில் பதற்றப்பட்ட பெண் யானைக்கும் அது வழியும். பெரிய ஆண் யானை, கன்னத்தில் மதநீர், பின்னங்கால்களின் உட்புறம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வடிந்து நனைந்திருப்பது, நெடி, தலையை உயர்த்திய நடை, இவையெல்லாம் சேர்ந்தால் அது மதம். ஹாரன் அடிக்காமல் மெதுவாக ரிவர்ஸில் போய்விடுங்கள். பின்னால் நிற்கும் கார்களும் நகர வேண்டும் என்பதால் முன்கூட்டியே நகரத் தொடங்குங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே கார் மாட்டிக்கொள்ளவே கூடாது.

பூங்கா நடத்தும் மாலை சஃபாரி, கேட் மூடிய பிறகும் காட்டுக்குள் இருக்க வாய்ப்பு தரும். ஆனால் வண்டி உயரமானது, ஏணிப்படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவுக்கு முன்பே விசாரியுங்கள். பூங்காவே காட்டுக்குள் அழைத்துப் போகும் காலை நடைக்கு வயது வரம்பு உண்டு.

தங்கும் குடில்கள் எளிமையானவை, சுத்தமானவை. பல குடில்களில் சமையல் மேடையும் ஃபிரிட்ஜும் திண்ணையில் இருக்கும். குரங்கும் பபூன் என்ற பெரிய குரங்கும் அதைத் திறக்கக் கற்றுவைத்திருக்கின்றன, பூட்டாமல் நகராதீர்கள். கேம்ப் கடைகளில் காய்கறி வகை குறைவு. சைவம் சாப்பிடுகிறவர்கள் அரிசி, பருப்பைப் பூங்காவுக்கு வெளியே உள்ள எம்பொம்பேலா நகரத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. அறைப் பதிவு 11 மாதம் முன்பே திறக்கும், ஆறு தெரியும் குடில்கள் முதலில் தீர்ந்துவிடும்.

இது மலேரியா உள்ள பகுதி, குளிர்காலத்தில் ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. தடுப்பு மாத்திரை நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் இதய, ரத்த அழுத்த மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊர் திரும்பிப் பல வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், சாதாரண சளிக்காய்ச்சல் என்று வீட்டில் இருக்காமல், குரூகர் போய்வந்ததைச் சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.