செகண்ட் ஹேண்ட் தின் கிளையண்டில் ஹோம் அசிஸ்டென்ட்: சேலத்து வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் தாங்குகிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பிவிடலாம். சேலம் மாதிரி ஊரில் வீட்டுக்கு ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் சாஃப்ட்வேர்) ஓட்டுவதற்காகப் புதுசாக ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு வாங்க வேண்டியதில்லை. ஆஃபீஸ்களில் கழித்துக் கட்டிய டெல் வைஸ் 5070 மாதிரி ஒரு தின் கிளையண்ட் (சர்வரை நம்பி ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி), அதற்குள் ஒரு சின்ன எஸ்எஸ்டி, இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவு போதும். ஏற்காட்டு வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

எங்கள் வீடு அம்மாபேட்டை பக்கம். ஹோம் அசிஸ்டென்ட் இங்கே கலர் கலராக லைட் போடுவதற்காக இல்லை, தண்ணீருக்காக. குழாயில் தண்ணீர் வரும் நாளில் சம்ப் நிறைய வேண்டும், சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்கு ஏற வேண்டும், டேங்க் வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பதற்குள் மோட்டார் நிற்க வேண்டும். அதோடு இன்வெர்ட்டர் பேட்டரி எவ்வளவு இருக்கிறது, வாசல் லைட், அப்பா அறையில் ராத்திரி எரியும் சின்ன விளக்கு. இதற்கு என்ன பெரிய கம்ப்யூட்டர் வேண்டும்? பவுலுஸ் ஸ்கௌட்சன் 2013-ல் பைத்தானில் ஆரம்பித்த இந்த சாஃப்ட்வேர் இன்றைக்கு ரொம்பவே வளர்ந்துவிட்டது, ஆனாலும் ஒரு சாதாரண வீட்டு வேலைக்கு 4 ஜிபி ராமும் சுமாரான பிராசசரும் தாராளம். வேகத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், இது சாகிற இடமே வேறு.

சாகிற இடம் எஸ்டி கார்டு, ராஸ்பெர்ரி பை வழக்கமாக ஓடுவது அதிலிருந்துதான். ஹோம் அசிஸ்டென்ட் ஒவ்வொரு சென்சாரின் மதிப்பையும் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டே இருக்கும், நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 நொடிக்கு ஒருமுறை எழுதும், 10 நாள் வரலாற்றை வைத்திருக்கும். நமக்கு அது நாலு எழுத்து. ஃபிளாஷ் மெமரிக்கோ நாலு எழுத்தை மாற்றுவதற்குக்கூட ஒரு பெரிய பிளாக்கையே அழித்துத் திரும்ப எழுத வேண்டிய நிலை வரும். கேமராவுக்கு வாங்கும் சாதாரண கார்டு இந்த மாதிரி ஓயாத சின்னச் சின்ன எழுத்துக்குப் பிறந்ததே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கதை முடிந்தது. கொண்டலாம்பட்டியில் இருக்கும் நண்பர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன்: போர்டில் பவர் லைட் எரிகிறது, பிங் கொடுத்தால் பதில் வருகிறது, டாஷ்போர்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மானிட்டரை மாட்டிப் பார்த்தால் ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வரிவரியாக ஓடுகிறது. கார்டு தன்னைப் பூட்டிக்கொண்டுவிட்டது. ஹை எண்டூரன்ஸ் என்று எழுதிய கார்டு வாங்கினால் ஆயுள் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான், நோய் அதேதான்.

ராஸ்பெர்ரி பையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்த போர்டு அது. ஆனால் பை 5-ஐ ஒழுங்காக ஓட்ட 5 வோல்ட் 5 ஆம்பியர் கொடுக்கும் அதற்கான சப்ளை வேண்டும், கேஸ், ஃபேன், எஸ்எஸ்டி மாட்டத் தனி ஹேட் (மேலே பொருத்தும் துணை போர்டு), கடிகாரம் நிற்காமல் இருக்கத் தனி பேட்டரி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. கடிகாரம் என்றதும் சிரிக்காதீர்கள். பை 4 வரைக்கும் போர்டில் ஆர்டிசி (கரண்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம்) கிடையாது. கரண்ட் வந்து பை எழுந்துவிட்டது, ரவுட்டர் இன்னும் நெட்டைப் பிடிக்கவில்லை என்றால் அதற்கு மணி என்னவென்றே தெரியாது. காலை ஆறு மணிக்கு மோட்டார் போடு என்று எழுதி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, வைஸ் 5070-க்கு வருவோம். 2018-ல் வந்த மாடல். உள்ளே பெரும்பாலும் செலரான் ஜே4105 இருக்கும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் பென்டியம் ஜே5005. ஃபேன் கிடையாது, அதனால் சத்தமும் இல்லை, தூசி இழுப்பதும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் தறியும் பட்டறையும் சூழ்ந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு ஃபேன் இல்லாததன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இது இன்வெர்ட்டருக்கு மேலே இருக்கும் ஷெல்ஃபில் உட்கார்ந்திருக்கிறது, அந்த மூலையில் ஏப்ரல் மே மாதத்தில் கையை வைத்தாலே அனல் அடிக்கும். பை 4 எண்பது டிகிரியில் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடும். ஜே4105-க்கு மேல் வரம்பு 105 டிகிரி, அதனால் இந்த வெயிலிலும் பெட்டி மேலே சுடுகிறதே தவிர வேலையில் குறை வைப்பதில்லை. சும்மா இருக்கும்போது 5, 6 வாட்தான் இழுக்கிறது. இரண்டு மாத பில்லில் ஒன்பது யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

வாங்கியது புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடையில். 4 ஜிபி ராமோடு ஐயாயிரத்துச் சொச்சம், எஸ்எஸ்டி தனி. கடைக்காரர் ரொம்ப இனிமையாகப் பேசினார், இனிமையாகவே வேறு ஏதோ கம்பெனி அடாப்டரைச் சுற்றிக் கொடுத்துவிட்டார், வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் முனையே பெட்டிக்குள் போகவில்லை. திரும்பப் போனதற்கு மாற்றிக் கொடுத்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நீங்கள் போனால் கடையிலேயே ஆன் செய்து பாருங்கள், அடாப்டரில் 19.5 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அங்கேயே பயாஸுக்குள் (பெட்டியின் அடிப்படை செட்டிங் பக்கம்) போக முடிகிறதா என்றும் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது அதன் பாஸ்வேர்டு ஃபயர்போர்ட் (Fireport) என்று இருக்கும், முதல் எழுத்து பெரிய எழுத்து. முன்னால் வைத்திருந்த ஆஃபீஸ் அதை மாற்றியிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள், தலைவலி நமக்கெதற்கு.

பயாஸில் செய்ய வேண்டியது இரண்டே வேலை. செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஹோம் அசிஸ்டென்ட் ஓஎஸ் கிளம்பாது. ஏசி ரெகவரி என்ற இடத்தில் பவர் ஆன் என்று மாற்ற வேண்டும், கரண்ட் வந்ததும் யாரும் பட்டனைத் தொடாமல் அதுவாக எழ வேண்டும் என்பதற்காக. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, உள்ளே இருக்கும் காசு மாதிரி வட்ட பேட்டரி. பழைய பெட்டிகளில் அது செத்திருக்கும். அது செத்திருந்தால் ஒரு முழு நாள் கரண்ட் போய் இன்வெர்ட்டரும் படுத்துவிட்டால் பயாஸ் செட்டிங் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஏசி ரெகவரியும் சேர்ந்தே போய்விடும், நீங்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் பெட்டி எழாமல் கிடக்கும். சிஆர்2032 என்று கேட்டால் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது எம்.2 வடிவத்தில் சாட்டா வகைதான் வேண்டும், என்விஎம்இ இதில் ஓடாது. சின்ன அளவே போதும். யூஎஸ்பியில் உபுண்டுவைக் கிளப்பி, அதிலிருந்து ஹோம் அசிஸ்டென்ட் ஓஎஸ்ஸின் எக்ஸ்86-64 இமேஜை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. லினக்ஸ் போட்டு அதற்கு மேல் நாமே தனித்தனியாக அடுக்கும் பழைய வழிக்குப் போகாதீர்கள், அந்த சூப்பர்வைஸ்டு, கோர் முறைகளுக்கும் 32 பிட் போர்டுகளுக்கும் ஆதரவு 2025-ஓடு நின்றுவிட்டது. ஹோம் அசிஸ்டென்ட் ஓஎஸ் தன்னை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்கிறது, புது ஓஎஸ் கிளம்பாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும். வீட்டில் வேறு யாருக்கும் டெர்மினல் தெரியாத நிலையில் இது பெரிய விஷயம்.

இப்போது மோட்டார். இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “ஏம்ப்பா, இது நின்னு போச்சுன்னா நான் மோட்டார் போட முடியுமா முடியாதா?” உண்மையில் ஒரு ஹோம் ஆட்டோமேஷனை எடை போட இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு நாள் நிற்கும். அதனால் டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் முடிவை பெட்டியில் வைக்கவே கூடாது. மோட்டார் பக்கத்தில் ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), அதில் ஈஎஸ்பிஹோம் என்ற சாஃப்ட்வேர், நிறுத்தும் லாஜிக் முழுவதும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ரிலே நேராக மோட்டாரை இயக்குவதில்லை, கான்டாக்டரின் (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) காயிலை மட்டும் தூண்டுகிறது. ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு, அதை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினால் ஒரு நாள் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்கவே நிற்காது. பழைய ஸ்டார்ட்டர் பட்டன்கள் அப்படியே இருக்கின்றன, அம்மா இன்றைக்கும் அதைத்தான் அழுத்துகிறார், ஆப்பைத் தொடுவதில்லை. பீஸெம் மீட்டர் ஒன்று கரண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, சம்ப் வற்றி மோட்டார் காற்றை இழுத்தால் கரண்ட் சட்டென்று இறங்கும், ஈஎஸ்பி உடனே நிறுத்திவிடும். வைஸ் இதில் செய்வது வரலாறு வைப்பதும், ஃபோனுக்கு ‘சம்ப்பில் தண்ணீர் இல்லை’ என்று சொல்வதும், நேரம் பார்த்து ஸ்டார்ட் சொல்வதும் மட்டும்.

மீட்டர் நொடிக்கு நொடி அனுப்பும் வோல்டேஜ், வாட், பவர் ஃபேக்டர் எல்லாவற்றையும் அப்படியே டேட்டாபேஸில் கொட்ட வேண்டாம். ஈஎஸ்பியிலேயே வடிகட்டி அனுப்புங்கள், தேவையில்லாததை ரெக்கார்டரிலிருந்து (ஹோம் அசிஸ்டென்ட்டில் வரலாறு எழுதும் பகுதி) விலக்கிவிடுங்கள். எஸ்எஸ்டி தாங்கும்தான், இருந்தாலும் பேக்கப் ஃபைல் வீணாகப் பெருத்துவிடும். பேக்கப்பைப் பொறுத்தவரை 2025-லிருந்து தானாகவே எடுத்து கூகுள் டிரைவில் போட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. நாம் மாற்றாவிட்டால் என்கிரிப்ட் செய்துதான் வைக்கும், அதன் சாவியைப் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள், சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தால் என்ன பிரயோசனம்? அப்டேட் மாதா மாதம் வரும். மாதத்தின் முதல் வெளியீட்டைத் தொடாமல் பின்னால் வரும் திருத்தத்துக்குக் காத்திருப்பது என் வழக்கம்.

ஜிக்பீ (சென்சார்கள் பேசும் குறைந்த பவர் வயர்லெஸ்) டாங்கிளை நேராக யூஎஸ்பி 3 போர்ட்டில் குத்தாதீர்கள். யூஎஸ்பி 3-ன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், ஜிக்பீயும் அங்கேதான் இருக்கிறது. யூஎஸ்பி 2 போர்ட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் கதவு சென்சார் காணாமல் போவது நின்றுவிடும். கேமரா ரெக்கார்டிங்கை இதே பெட்டியில் ஏற்றலாமா என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம், அதற்கு டிவிஆர் இருக்கிறது.

அப்புறம் ஏற்காடு. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மாமாவின் பழைய கல்லுச்சுவர் வீடு, சுற்றிக் காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும், மிளகுக் கொடியும். அங்கேயும் இதையே வைக்கலாம் என்று மாமா ஆசைப்பட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். கோடை மழையில் இடி மின்னல் கொட்டும், மரக்கிளை ஒயரில் விழுந்தால் கரண்ட் வர நேரமாகும், வீட்டில் பெரும்பாலும் ஆள் கிடையாது. அங்கே சோலார் பேனலோடு ஒரு 12 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டாக ஏற்றி, அடாப்டரில் மறுபடி 19.5-க்கு இறக்கினால் வழியிலேயே பாதி தின்றுவிடும், இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே தனியாகக் கரண்ட் வேண்டும். பை 4-க்கு ஒரு நல்ல பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட்) வைத்து நேராக 5 வோல்ட் கொடுத்துவிடலாம். கன்வெர்ட்டர் 3 ஆம்பியர் உண்மையிலேயே தருகிறதா என்று லோடு போட்டுப் பாருங்கள், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அண்டர் வோல்டேஜ் என்று லாகில் புலம்ப ஆரம்பிக்கும். அங்கேயும் கார்டு கிடையாது, யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்துதான் பூட் ஆகிறது. தோட்டத்து டேங்கிலிருந்து வீட்டுக்கு ஈதர்நெட் கேபிள் இழுக்கவில்லை, மின்னலுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், எல்லாம் வைஃபைதான். கல்லுச்சுவருக்குள் ஜிக்பீ சுணங்குகிறது, நடுவில் எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு ஜிக்பீ பிளக் வைத்த பிறகு பரவாயில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டு வீட்டைப் பார்க்க டெயில்ஸ்கேல் (இரண்டு இடத்தையும் நெட் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் சாஃப்ட்வேர்) போதும், மொபைல் நெட்டில் நமக்கென்று தனி ஐபி கிடைக்காது என்பதால் போர்ட் திறக்கும் வேலையே அங்கே எடுபடாது.

குளிரும் மூடுபனியும் போர்டை ஒன்றும் செய்யவில்லை, ஈரம்தான் கனெக்டர்களைப் பச்சை பிடிக்க வைக்கிறது, மூடிய டப்பாவில் ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று போட்டு வைத்திருக்கிறோம்.

வைஸில் பிடிக்காதது என்றால் ஹெச்டிஎம்ஐ இல்லாததுதான், டிஸ்பிளே போர்ட் மட்டுமே. முதல் தடவை மானிட்டர் மாட்டாமல் பயாஸுக்குள் போக முடியாது, அதற்குப் பிறகு அந்தக் கேபிளுக்கு வேலையே இல்லை. கடையில் பேரம் பேசும்போதே டிஸ்பிளே போர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள், தனியாக வாங்கினால் வீண் செலவு.