3018 சிஎன்சி கிட்: முதல்முறை கட்டுவோருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கணினி சொல்கிறபடி வெட்டிச் செதுக்கும் சிறு இயந்திரத்தை நாமே பூட்டும் கிட் இது. மரத்தில் பெயர்ப்பலகை செதுக்க, சர்க்யூட் போர்டு கீற இது போதும். வெட்டும் பரப்பு 300×180 மி.மீ., உயரம் 45. அலுமினியம் வெட்டும் ஆசையோடு வாங்காதீர்கள், 10 மி.மீ. கம்பிகள் வளைந்துகொடுக்கும், வெட்டு அதிரும்.

பூட்டும்போது அவசரம் கூடாது. 2020 சட்டத்தை (20×20 மி.மீ. அலுமினியச் சட்டம்) தடித்த கண்ணாடிமேல் வைத்து, மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவு வந்த பிறகே திருகுகளை இறுக்குங்கள். சட்டம் கோணினால் லீட் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் மரைத் தண்டு) ஓரிடத்தில் பிடிக்கும், மோட்டார் ஸ்டெப் தவறும். வெட்டு நடுவே இடம்மாறினால் பலரும் மென்பொருளைச் சந்தேகிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் பொடித் திருகுகளை. அவை அதிர்வில் தளரும்.

ஸ்க்ரூவின் லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 4 மி.மீ., மைக்ரோஸ்டெப் (மோட்டாரின் ஒரு ஸ்டெப்பைப் பிரிக்கும் எண்ணிக்கை) 16 என்றால், இயந்திரத்தை இயக்கும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $100, $101, $102 மூன்றும் 800. 100 மி.மீ. நகர்த்தி ஸ்கேலில் சரிபாருங்கள்.

பிளைவுட்டுக்கு 3.175 மி.மீ. பிட், ஒரு ஓட்டத்துக்கு 0.5 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 400 மி.மீ. வேகத்தில் தொடங்கலாம். கருகினால் வேகத்தைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள்.

பிட்டைச் சுழற்றும் 775 ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சலால் யுஎஸ்பி இணைப்பு பாதியில் அறுந்துபோகும். ஸ்பிண்டில் ஒயரை யுஎஸ்பியிடமிருந்து தள்ளி ஓட்டி, யுஎஸ்பிக்கு ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் வளையம்) உள்ள குட்டைக் கேபிளாகப் போடுங்கள்.