வெஸ்ட்வில் ஆவண மையம்: தமிழர் வரலாறு ஆய்வோருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ செய்து, நட்டாலுக்கு வந்த தமிழரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் தமிழ்த் துறையைத் தேட வேண்டாம். பதிவு செய்வது வரலாற்றுத் துறையில். வேலை நடப்பது டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில். ஒரு தனி ஆளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் இல்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையை எழுத இது மட்டும் போதாது.

மையத்தின் பெரும் சொத்து கப்பல் பட்டியல்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை வந்த 1,52,000க்கும் மேற்பட்ட இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இவற்றில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் காலனி எண் (ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்த பதிவு எண்), பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம் என்று வரிசையாகப் போகும். வலது முழங்காலில் தழும்பு என்கிற அளவுக்கு விவரம் உண்டு.

தேடல் கெடுவது பெரும்பாலும் பெயரில்தான். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே முனுசாமி நான்கு விதமாகக் கிடப்பார். முழுப் பெயரைத் தட்டாமல் முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுங்கள். வகரத்துக்கு 'வி', 'டபிள்யூ' இரண்டையும் போட்டுப் பாருங்கள். இன்றைய குடும்பப் பெயரை நம்பித் தேடுவது வீண். பல வீடுகளில் பாட்டனாரின் ஒற்றைப் பெயரே பிறகு குடும்பப் பெயராகிவிட்டது. பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழில் காலனி எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே குடும்பமாக வந்தவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும், ஆகவே மேலும் கீழும் சில வரிகளைப் படியுங்கள். சொந்தச் செலவில் வந்த வணிகர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: சென்னையில் கப்பல் ஏறியவர் எல்லாம் தமிழர் அல்லர். விசாகப்பட்டினம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து தெலுங்கர் ஏராளமாக வந்தார்கள். மொழியை ஜில்லாவை மட்டும் வைத்து முடிவு செய்த ஆய்வு தேர்வாளர் முன் நிற்காது.

வந்த பிறகு நடந்ததற்கு, அதாவது எஜமானர் மீதான புகார், ஓடிப்போனது, சம்பளத் தகராறு, ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரி எல்லாவற்றுக்கும், 80 கிலோமீட்டர் தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். போகுமுன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் காப்பகக் குறியீடாக 'என்.ஏ.பி.' (NAB), மூலக் குறியீடாக இந்தியக் குடியேற்றத் துறையைக் குறிக்கும் 'ஐ.ஐ.' (II) என்று கொடுத்து, தொகுதி எண்ணையும் கோப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எம்.எஸ்.சி.இ.' (MSCE) என்ற குறியீட்டில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் வரும். அதிலுள்ள மரண அறிவிப்பில் பெற்றோர், பிறந்த ஊர், பிள்ளைகள் பெயர் எல்லாம் கிடைக்கும். ஆனால் சொத்து இல்லாத கூலிக்காரருக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அப்படிக் கோப்பே இருக்காது. இந்த இடைவெளியை ஆய்வுத் திட்டத்திலேயே ஒப்புக்கொண்டு எழுதுவது நல்லது. பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான கில்லி காம்ப்பெல் நூலகத்தையும் ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

சேர்க்கையில் நேரம் தின்பவை இரண்டு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான 'சாக்வா'வின் மதிப்பீட்டுச் சான்றை முதலிலேயே வாங்கத் தொடங்குங்கள். விசா வேலையும் அதோடு சேர்ந்தே நகரட்டும். விண்ணப்பத்துக்கு முன்பே இரண்டு பக்கக் குறிப்போடு நெறியாளரிடம் பேசி, எந்தக் கப்பல்கள், எந்த ஆண்டுகள், எந்தத் தோட்டம் என்று எல்லை கட்டிக்கொள்ளுங்கள். 'நட்டால் தமிழர்' என்ற தலைப்போடு போனால் திருப்பி அனுப்புவார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பேட்டி எடுப்பதாக இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும் வரை ஒலிப்பதிவுக் கருவியைத் தொடாதீர்கள். முன்கூட்டி எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள்.