தெருமுனைக்கு 4ஜி சோலார் கேமரா: கடலோரச் சந்துகளுக்கு எதுவரை உதவும்?

தெருவிளக்கு எரியாது, ரோந்து எப்போதாவதுதான் வரும். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் அப்படிப்பட்ட சந்துகளில் தெருக்காரர்களே காசு போட்டு மாட்டத் தோதானது சிம் போடும் சோலார் கேமரா. கரன்ட் இழுக்க வேண்டாம், வைஃபை வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் சும்மா கிடக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் படகின் பேட்டரி, வலை களவு போகாமல் காவலுக்கும் ஆகும்.

வாங்கும்போது லென்ஸைப் பாருங்கள். 2 மெகாபிக்சல், 4 மி.மீ. என்றால் முகம் அடையாளம் தெரிவது நாலைந்து மீட்டருக்குள்தான். 10 மீட்டரில் ஆள் உருவம் மட்டுமே. நீளமான சந்துக்கு 8 மி.மீ. கேளுங்கள். தூரம் இரட்டிக்கும், அகலம் பாதியாகும். 10 அடி உயரம் போதும். 20 அடியில் ஏற்றினால் உச்சந்தலைதான் பதியும்.

உப்புக்காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகு போடுங்கள். கண்ணாடியில் உப்புப் படிந்தால் இரவில் இன்ஃப்ராரெட் ஒளி சிதறிப் படமே வெளுத்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். காய்ந்த துணி கீறிவிடும்.

பெரிய குறை வேறு. பேட்டரியை மிச்சப்படுத்த இந்தக் கேமரா தூங்கிக்கொண்டே இருக்கும். உடல் சூட்டை உணர்ந்துதான் விழிக்கும். முதல் ஓரிரு நொடி பதியாது. புழுக்கமான இரவில் சுவரும் சூடாக இருப்பதால் இன்னும் தாமதம். ஒருவர் ஓடுவது தெரியும், ஏன் ஓடுகிறார் என்பது தெரியாது. அந்தத் துண்டு வீடியோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, ஜாடை ஒத்த வெளியூர்க்காரரைக் கம்பத்தில் கட்டி அடிப்பது கொடுமை, குற்றமும்கூட. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். நேற்றைய வீடியோவைப் பார்த்து இன்று ஒருவரை வீடு புகுந்து இழுத்துவர அதில் இடமில்லை.

கார்டு நிறைந்தால் பழைய பதிவு தானாக அழியும். அதனால் சம்பவத்தன்றே மெமரி கார்டைக் கழற்றி, எதையும் அழிக்காமல் போலீஸ் நிலையத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். எனும் புகார் பதிவு ரசீது வாங்குங்கள். வீடியோவைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டைக் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப் சுருக்கிய பிரதியின் ஹாஷ் மதிப்பு மூலத்தோடு ஒத்துப்போகாது.

தெருமுனை வீட்டில் கரன்ட் கொடுக்கச் சம்மதித்தால் சோலாரை விடுங்கள். 24 மணி நேரமும் பதியும் வயர் கேமராவும், தொடர்பதிவுக்கென்றே விற்கும் 128 ஜிபி கார்டும் வாங்குங்கள்.