பேரியம் விழுங்கல் பரிசோதனை: யாங்கோன் எக்ஸ்ரே நிலையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

சோறு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது என்று அப்பா ஆறு மாதமாகச் சொல்லி வந்ததால், யாங்கோனில் உள்ள தனியார் எக்ஸ்ரே நிலையம் ஒன்றுக்கு அவரை வெறும் வயிற்றோடு அழைத்துச் சென்றேன். சொன்ன நேரத்துக்கே உள்ளே அழைத்தார்கள்.

முதலில் நிற்கவைத்து, சுண்ணாம்புக் குழம்பு போன்ற, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியக் கலவையைக் குடிக்கக் கொடுத்தார்கள். அது சிக்கலின்றி இறங்கிவிட்டது. பிறகு மருத்துவர் அவரைப் படுக்கவைத்தார். நிற்கும்போது கலவை தன் எடையாலேயே இறங்கிவிடும் என்பதால், தசையின் உழைப்பு படுத்திருக்கும்போதுதான் தெரியும் என்றார். ஒரே மடக்கு, அதன்பின் எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அடுத்த விழுங்கல் தொடங்கினால், உணவைக் கீழே தள்ளும் முந்தைய தசை அலை அடங்கிவிடுமாம். அவர் பர்மியத்தில் சொல்லச் சொல்ல, ஈயக் கவசம் அணிந்து பக்கத்தில் நின்ற நான், “ஒரு மடக்குதாம்ப்பா, அப்புறம் முழுங்கிடாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரே காட்சி ஓடிய திரையை எங்கள் பக்கம் திருப்பியதற்காகவே இந்த நிலையத்தைப் பாராட்டுவேன். வெள்ளைக் கலவையின் மேல்முனை கூராகி, யாரோ விரலால் வழித்துவிடுவது போலக் கீழ்நோக்கி நகர்ந்தது. உணவுக்குழாய்ச் சுவரின் உள்ளடுக்குத் தசை வளையமாக இறுக, நீளவாட்டில் ஓடும் வெளியடுக்குத் தசை குழாயைக் குறுக்க, ஏறத்தாழ 25 செ.மீ. நீளத்தை இந்த அலை 8 முதல் 10 நொடிகளில் கடக்க வேண்டும். அப்பாவுக்கோ மேற்பகுதியில் துடிப்பாக இருந்த அலை, வரித்தசை (கை கால்களில் இருப்பது போன்ற தசை) முடிந்து மென்தசை (குடலில் இருப்பது போன்றது) தொடங்கும் இடத்துக்குக் கீழே தளர்ந்து, கலவையில் பாதி மேலே திரும்பியது. இரைப்பை வாயிலின் சுருக்குத்தசை மட்டும் ஒழுங்காகத் திறந்தது. ஆறு மாதமாக நாங்கள் வயசுக் கோளாறு என்று தள்ளிவைத்ததைக் கண்ணாரப் பார்த்தபோது மனம் கனத்தது.

குறை ஒன்று உண்டு, சிறியதல்ல. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கிளம்பும்போது யாரும் சொல்லவில்லை. பெருங்குடலின் தசை மெதுவாகவே தள்ளும். அங்கே நீர் உறிஞ்சப்படுவதால் பேரியம் இறுகிவிடும். இரண்டு நாள் மலச்சிக்கலுக்குப் பின் மலம் வெள்ளையாகப் போனதைக் கண்டு அப்பா பயந்துபோனார். தாளில் இருந்த குறிப்புகள் பர்மியத்தில் மட்டும். அவருக்குப் பர்மியம் பேச வருமே தவிர வாசிக்க வராது.

பரிசோதனைக்காக மீண்டும் இங்கேதான் வருவேன். வீட்டுப் பெரியவர்களை அழைத்து வருவோர் கூடவே உள்ளே சென்று, திரையில் ஓடிய காட்சியின் பதிவை வட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எங்களைப் பார்த்த மருத்துவர் படங்களை விட்டுவிட்டு அந்தப் பதிவைத்தான் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார்.