சைக்ளமனா, ஆப்பிரிக்க வயலட்டா? ஜன்னலோரத்துக்கு எது?

ஜன்னலோரத்தில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம், அதுவும் பூக்கிற செடியாக இருக்க வேண்டும் என்றால் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் வந்து நிற்கும். இரண்டும் சிறியவை. இரண்டுக்கும் நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயில் ஆகாது. இரண்டையும் பூவோடு இருக்கும்போதே கடையில் வாங்கலாம். நான் இரண்டையும் வளர்த்துவிட்டு இப்போது சைக்ளமன் பக்கம் நிற்கிறேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

தோற்றத்தில் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை, அது அவரவர் கண். சைக்ளமனின் பூ தலை கவிழ்ந்திருக்கும், ஐந்து இதழ்களும் பின்னால் மடிந்து மேல்நோக்கி நிற்கும், கீழே வெள்ளிக் கோலமிட்ட இலைகள். வயலட் தாழ வளர்ந்து, வட்டமாக விரிந்த மெத்தென்ற இலைகளுக்கு நடுவே கொத்தாகப் பூக்கும். நீலம் பிடிக்குமென்றால் வயலட்தான். சைக்ளமனில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா வரைக்கும்தான். மணம் வேண்டுமென்றால் சைக்ளமன், அதுவும் சில ரகங்கள் மட்டும். காட்டுச் செடிக்கு நல்ல மணம் உண்டு. பெரிய பூவுக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் பல ரகங்கள் அதை இழந்துவிட்டன.

வீட்டில் பூனையோ, நாயோ, எதையும் வாயில் வைக்கிற குழந்தையோ இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம், வயலட்டை வாங்குங்கள். சைக்ளமனில், குறிப்பாக அதன் கிழங்கில், சபோனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. கிழங்கை நிறையத் தின்ற விலங்குக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். வயலட்டில் அந்தப் பயம் இல்லை.

அடுத்தது வெப்பம். சைக்ளமனுக்கு 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை சுகம். 20-ஐத் தாண்டிய நாட்கள் தொடர்ந்தால் இலை பழுக்கத் தொடங்கும், மொட்டு விரியாமலே கருகும். வயலட்டுக்கு 18 முதல் 26 வரை. சட்டை ஒன்றோடு நமக்கு எது வசதியோ அதுவே அதற்கும் வசதி. ஆண்டில் மூன்று நான்கு மாதமாவது இரவில் குளிர்ந்து கிடக்கிற இடம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் சைக்ளமன் வாங்குவது வீண். ஹீட்டர் ஓடும் கூடம் அதற்கு ஆகாது. சூடாக்காத அறை, மாடிப்படி ஜன்னல், கண்ணாடி போட்ட வராந்தா, இவையெல்லாம் நல்ல இடங்கள். பகலில் கூடத்தில் வைத்து ரசித்துவிட்டு இரவில் குளிர்ச்சியான அறைக்கு மாற்றினாலும் பூ கூடுதல் நாள் நிற்கும்.

சரி, நச்சு, வெப்பம் என்ற இந்த இரண்டு தடைகளையும் தாண்டி வந்தவர்களுக்குத்தான் மீதி.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஓய்வு. சைக்ளமன் ஆண்டில் சில மாதங்கள் உறங்கும். வயலட் உறங்கவே உறங்காது. இதைப் பலரும் வயலட்டின் பெருமையாகச் சொல்வார்கள், வருஷம் முழுக்கப் பூக்குமே என்று. எனக்கு அதுவே அதன் பெரிய குறை.

கடையில் தொட்டியோடு விற்கும் சைக்ளமன்கள் பெர்சிகம் என்ற இனத்திலிருந்து வந்தவை. அதன் தாயகம் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரைகள்: துருக்கி, சிரியா, லெபனான், பாலஸ்தீனம், சைப்ரஸ், சில கிரேக்கத் தீவுகள். அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் வானம் வறண்டுவிடும். செடியும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. ஈரம் வந்ததும் இலை விடும், குளிரில் பூக்கும், வெயில் ஏறியதும் இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்குக்குள் ஒடுங்கும். வயலட் டான்சானியா, கென்யா மலைக்காடுகளின் நிழலில் பாறை இடுக்குகளில் வளர்வது. அங்கே காற்றிலேயே ஈரம். ஒடுங்கிக் கிடக்க அதற்கு அவசியமே வந்ததில்லை.

சைக்ளமனுக்குக் கெட்ட பெயர் வருவது இந்த ஒடுங்கும் கட்டத்தில்தான். பூ முடிந்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும்போது தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். இலை விடுவதை நிறுத்திய செடியால் அந்தத் தண்ணீரை இழுக்க முடியாது, கிழங்கு அழுகிவிடும். ஊற்றாதவர்கள், செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறார்கள். உயிரோடு இருக்கும் கிழங்கு குப்பைக்குப் போகிறது, அடுத்த குளிருக்குப் புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். விற்பவர்களும் இதைத் திருத்துவதில்லை, ஏன் திருத்தப் போகிறார்கள்!

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புதிய மொட்டு வருவது நின்று இலைகள் பழுக்க ஆரம்பித்ததும் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். உதிர்ந்ததை எடுத்துவிட்டு, தொட்டியோடு அப்படியே நிழலும் காற்றோட்டமும் உள்ள மூலையில் வையுங்கள். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறவர்களும் உண்டு, யாரும் மறதியில் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு மூன்று மாதம் அது பாட்டுக்குக் கிடக்கும். மண் தூளாகிப் போகுமளவுக்கு வறண்டால் எப்போதாவது ஓரத்தில் லேசாக நனைக்கலாம். கிழங்கை அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் போய்விட்டது, லேசாகச் சுருங்கியிருந்தால் கவலையில்லை.

கோடை தணியும்போது கிழங்கின் மேலே குண்டூசித் தலை அளவில் துளிர் தெரியும். அப்போதுதான் மண் மாற்ற வேண்டும். நன்றாக வடிகிற கலவை போதும்: இலைமக்கு அல்லது தேங்காய் நார்த்தூளோடு கொஞ்சம் பெர்லைட் (மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைக் கல் துணுக்கு). கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட வேண்டும், முழுக்கப் புதைத்தால் துளிர் வரும் இடத்தில் ஈரம் தங்கி அழுகும். தொட்டி கிழங்கைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை பெரிதாக இருந்தால் போதும். இலைகள் எழும்பிய பிறகு தண்ணீரைக் கூட்டி, பொட்டாஷ் கூடுதலாக உள்ள உரத்தை நீர்க்கக் கரைத்துக் கொடுக்கலாம். தழைச்சத்து அதிகமானால் இலை மட்டும் அடர்ந்து பூ பின்தங்கும். இலையும் வேண்டியதுதான், ஏனென்றால் ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும்தான் ஒரு பூமொட்டு வருகிறது. இலை குறைந்த செடியில் பூவும் குறைவு.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஓய்விலிருந்து எழுந்த செடி நாற்றங்காலிலிருந்து வந்த முதல் ஆண்டுச் செடி போல வட்டமாக, நெருக்கமாக இருக்காது. காம்புகள் நீளும், பூ கொஞ்சம் முன்பின்னாக வரும். எல்லாக் கிழங்கும் எழும் என்றும் சொல்ல மாட்டேன். கோடையிலும் குளிர்ச்சியாகவே இருக்கிற வீட்டில் சில செடிகள் இலையை உதிர்க்காமலே இருந்துவிடும். அவற்றை வலுக்கட்டாயமாக உலர்த்த வேண்டாம், தண்ணீரை மட்டும் குறைத்தால் போதும். ஆனால் பிழைத்துக்கொண்ட கிழங்கு பல ஆண்டுகள் இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். எனக்கு அந்த ஒழுங்கற்ற வயதான செடிதான் பிடிக்கிறது.

வயலட்டுக்கு வருவோம். அது வருஷம் முழுக்கப் பூக்கும் என்பது உண்மைதான், நீங்கள் வருஷம் முழுக்கக் கவனித்தால். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல வெளிச்சம் வேண்டும். குளிர்கால ஜன்னலில் அது கிடைக்காததால், ஆர்வலர்கள் எல்இடி விளக்குக்கடியில்தான் வளர்க்கிறார்கள். கீழ் இலைகள் முதிர்ந்து உதிர, தண்டு மொட்டைக் கழுத்தாக நீளும். ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை அந்தக் கழுத்து மண்ணில் புதையும்படி மாற்றி நட வேண்டும். வட்டம் கோணாமலிருக்க வாராவாரம் தொட்டியைத் திருப்ப வேண்டும், பக்கக் கன்றுகளைக் கிள்ள வேண்டும். ஒன்றும் கடினமில்லை, ஆனால் எதுவும் முடிவதுமில்லை. சைக்ளமன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, அதற்கு விடுமுறை விட்டால் நமக்கும் விடுமுறை. கோடையில் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் உறங்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. வயலட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது தொட்டியடியில் திரி வைத்துத் தண்ணீர் ஏறச் செய்ய வேண்டும். அந்தத் திரி முறை நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றாடத் தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மேலே ஊற்றாதீர்கள். தட்டில் தண்ணீர் வைத்து, அரை மணி நேரத்தில் உறிஞ்சியது போக மீதியைக் கொட்டிவிடுங்கள். சைக்ளமனில் கிழங்கின் உச்சியில் தண்ணீர் நின்றால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வயலட்டில் அறையைவிடக் குளிர்ந்த தண்ணீர் இலையில் பட்டால் வெளிறிய வளையங்கள் விழும், அவை மறையாது. சைக்ளமனில் வாடிய பூவையும் பழுத்த இலையையும் கத்தரிக்கக் கூடாது. காம்பை அடியில் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கிச் சட்டென்று இழுத்தால் கிழங்கிலிருந்தே கழன்று வரும். பாதியில் வெட்டினால் மிச்சக் காம்பு அழுகி, அது கிழங்குக்கு இறங்கும். செடி முழுக்கத் துவண்டு, தொட்டி தூக்கினால் லேசாக இருந்தால் தாகம்தான். குளிர்ந்த தண்ணீரில் தொட்டியை உட்கார வைத்தால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். தொட்டி கனமாக இருந்தும் துவண்டால் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள்.

புதுச் செடி உண்டாக்குவதில் வயலட் அசைக்க முடியாத வெற்றியாளர். ஓர் இலையைக் காம்போடு எடுத்துச் சொருகினால் இரண்டு மூன்று மாதத்தில் அடியில் குட்டிகள் தலைகாட்டும், அதுவும் ஒன்றுக்கு மேல். சைக்ளமன் கிழங்கு பக்கக் கிழங்கு விடாது, வெட்டி நட்டால் பெரும்பாலும் அழுகும். வீட்டில் விதை ஒன்றுதான் வழி. அதை ஒரு நாள் ஊறவைத்து, இருட்டில், 15 முதல் 20 டிகிரிக்குள் வைத்தால் முளைக்க ஒன்றரை மாதம் போல ஆகும், பூக்க ஓர் ஆண்டுக்கு மேல். கலப்பின ரகத்தின் விதை தாயைப் போலவே வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

சைக்ளமனே என்று முடிவு செய்தவர்களுக்கு: பெரிய பூ ரகத்தைவிடச் சிறு பூ ரகத்தை எடுங்கள். பூ சிறிதானாலும் எண்ணிக்கை அதிகம், மணமுள்ளவையும் அதில்தான் எளிதில் அமையும். என்னிடம் கோடையைத் தாண்டியவையும் அவையே அதிகம். முழுக்க மலர்ந்ததை விட்டுவிட்டு, இலைகளை விலக்கினால் அடியில் நிறைய மொட்டு தெரிகிற செடியாகப் பாருங்கள். நடு இலைகள் சுருங்கி, விறைத்து, மொட்டுகள் கோணியிருந்தால் தொடாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் வேலை, வயலட்டுக்கும் அதே உண்ணி வரும். இரண்டையும் ஒரே ஜன்னலில் வைக்கிறவர்கள் புதிதாக வந்ததைச் சில வாரம் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது.

பனி விழும் ஊரில் தோட்டம் உள்ளவர்களுக்கு வேறு இரண்டு இனங்கள் இருக்கின்றன: இலையுதிர் காலத்தில் பூக்கும் ஹெடரிஃபோலியம், கடும் குளிரில் பூக்கும் கோவம் (Cyclamen coum). பெர்சிகம் உறைபனியைத் தாங்காது, இவை தாங்கும், மரத்தடியில் தாமாகவே விதை விழுந்து பரவும். தரையில் இவற்றை நீண்ட காலம் வளர்த்த அனுபவம் எனக்குக் குறைவு, அதனால் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். ஹெடரிஃபோலியம் கிழங்குக்கு வேர்கள் பெரும்பாலும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகின்றன, எனவே பெர்சிகம் போல மேலே தெரிய நடாமல் மண்ணால் மூட வேண்டும். அப்புறம், உலர்ந்த கிழங்காக விற்பதைவிடத் தொட்டியில் இலையோடு இருப்பதை வாங்குவது நல்லது. உலர்கிழங்குகள் காட்டிலிருந்து தோண்டியெடுத்தவையாக இருக்கலாம். சைக்ளமன் இனங்கள் எல்லாமே, காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. செயற்கையாகப் பெருக்கிய பெர்சிகம் ரகங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அவற்றையே உறங்கும் கிழங்காக விற்றால் அந்த விலக்கு செல்லாது. விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.